அறுபத்து நான்கு சோடிச் சப்பாத்துகளுக்காக ஒரு கொழும்புப் பயணம்

நேற்று விடிகாலைதான் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். முதுகு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும். நாள் போனால் கோபம் ஆறிவிடும், மகிழ்ச்சியும் அதோடு மங்கிவிடும்.

எங்கள் பாடசாலையில் நல்ல சப்பாத்து இல்லாத பிள்ளைகள் 64 பேர். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. காலுக்குப் போடுவதும் கொப்பியும் பையும் பெரும்பாலும் வீட்டார் பாடு. 2022ஆம் ஆண்டு கொப்பி விலை ஏறிய ஏற்றம் எந்தப் பெற்றோருக்கும் மறந்திருக்காது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்த ஆண்டு அது. கொழும்பிலுள்ள றோட்டரிக் கழகங்களில் ஒன்று சப்பாத்தும் கொப்பியும் தருவதாக ஒப்புக்கொண்டது. அவர்களுடைய வாராந்தக் கூட்டத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து பேசிவிட்டுப் பொருட்களைக் கொண்டுபோகட்டும் என்றார்கள். அதிபர் என்னை அனுப்பினார். வழிச்செலவுக்கு நலன்புரி நிதியிலிருந்து 12,000 ரூபாய். ஒரு சதமும் கூடாது என்பதால் பயணம் முழுவதும் கணக்குக் கொப்பி என் கையிலேயே இருந்தது.

அந்த இரவு பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிக்கெட் 2,400 ரூபாய். குளிரூட்டிய பஸ் என்றார்கள். குளிர் உண்மைதான், வவுனியா தாண்டும்போது பற்கள் அடித்துக்கொண்டன. என் இருக்கையின் சாய்மானம் உடைந்திருந்ததால் பின்னாலிருந்தவரின் மடியில் சாய்வதா, விடியும்வரை நிமிர்ந்தே இருப்பதா என்ற நிலை. நடத்துனரிடம் சொன்னேன். "ஒரு இரவுதானே, மிஸ்" என்றார். உடைந்த இருக்கைக்கு முழுக்காசு வாங்குவது அநியாயம். அதை அவரிடமே சொன்னேன், அவர் போய்விட்டார். நள்ளிரவு தாண்டியும் படம் ஓடிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் மூன்று தடவை கேட்ட பிறகுதான் சத்தத்தைக் குறைத்தார்கள்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது நாலரை மணி. மாமி வீடு கடற்பக்கத்து ஒழுங்கையில், நடந்தால் பத்து நிமிடம். ஆனால் மழை. நின்ற ஒரே ஓட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டார். மீற்றர் பழுதாம். ஒரு கிலோமீற்றர்கூட இல்லையே என்றேன். "மழைக்கு அப்படித்தான்" என்றார். 500க்கு இறங்கி வந்தார், கொடுத்தேன். அந்த 500 ரூபாய்க்கு எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை கொப்பி வாங்கலாம் என்ற எண்ணம் மாமி வீட்டுத் தேநீர் குடிக்கும்வரை மனதைக் குடைந்தது.

காலையில் 154ஆம் இலக்க பஸ்ஸில் பொரளைக்குப் போனேன். என் வகுப்புப் பையன் ஒருவன் இருதய சத்திரசிகிச்சைக்காக லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இருக்கிறான். 1895இல் தொடங்கிய வைத்தியசாலை, வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும் இடம். சிகிச்சை இலவசம். ஆனால் கூட வரும் தாய்க்குக் குளிக்க, உடுப்பு மாற்ற, ஒரு நேரம் நிம்மதியாகக் கண்ணயரக் கொழும்பில் யார் இருக்கிறார்கள்? அந்தக் கழகத்தார் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தூரத்துத் தாய்மாருக்கு மாறி மாறிக் கொடுக்கிறார்கள். பையனின் தாய் அதைச் சொல்லும்போது, "ரீச்சர், எட்டு நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் தலைமுழுகினேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சப்பாத்துக் கொடுக்கிற கழகமும் இதுவும் ஒன்றுதான் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. பதாகை இல்லை, பெயர்ப்பலகை இல்லை.

திரும்பி வந்து காலி வீதியோரச் சைவக் கடையொன்றில் சாப்பிட்ட சாப்பாட்டை விட்டுவிட முடியாது. 650 ரூபாய். குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், பருப்பு, பொரித்த மோர் மிளகாய், கடைசியில் மிளகு தூக்கலான ரசம். சம்பலில் தேங்காய்ப்பூவைக் குறைத்து வல்லாரையை அள்ளிப் போட்டிருந்தார்கள். கொழும்பில் அப்படிப் போடுகிறவர்கள் குறைவு. பரிமாறிய அண்ணா கேட்காமலே இரண்டாம் தடவை சோறு வைத்தார். பஸ்ஸுக்குக் கொடுத்த 2,400 ரூபாயை நினைத்தால் இன்னும் எரிகிறது, இந்த 650ஐ எத்தனை தடவையும் கொடுப்பேன்.

மாலைக் கூட்டம். தலைவர் சிறிய மணியை அடித்துத் தொடங்கிவைத்தார். றோட்டரி 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய அமைப்பு, 1929இல் கொழும்புக்கு வந்தது. கிளிநொச்சி ஆசிரியைக்கு அங்கே என்ன வேலை என்ற கூச்சம் முதலில் இருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேச்சு நடந்தது. பக்கத்திலிருந்த தமிழ் ஐயா ஒருவர் காதோடு மொழிபெயர்த்தார். ஒரு தகரப்பேணி மேசைக்கு மேசை வந்தது. நல்ல செய்தி உள்ளவர்கள் அதைச் சொல்லிக் காசு போட வேண்டும். ஒருவர் பேத்தி பிறந்ததற்குப் போட்டார், இன்னொருவர் மகனின் பரீட்சை முடிவுக்கு. பேணியில் சேர்வதில் பாதி இங்குள்ள பிள்ளைகளுக்கு, பாதி போலியோ ஒழிப்புக்கு.

அங்கேதான் ஓர் இளம் உறுப்பினர் எழுந்தார். நம் நாட்டுப் பிள்ளைகள் செருப்பில்லாமல் நடக்கும்போது போலியோ ஒழிப்புக்கென்று பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஏன் காசு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. எங்கள் 64 பிள்ளைகளைச் சுட்டித்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன், தமிழில்தான் பேசினேன். 1996இல் எனக்கு நான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு மரத்தடியில் இருந்தோம். சொட்டு மருந்து நாள் வந்தபோது இரு தரப்பும் துவக்குகளை ஓய்த்தன. யுனிசெப் முன்னின்று பேசி உண்டாக்கிய அமைதி நாட்கள் அவை. ஐஸ் பெட்டியில் வந்த மருந்து என் நாக்கில் இரண்டு துளி விழுந்தது. கசந்தது, நான் துப்பப் பார்த்தேன், அம்மா வாயைப் பொத்திப் பிடித்தார். உலகத்தில் போலியோவை ஒழிக்க 1985இலிருந்து இந்தக் கழகங்கள் காசு சேர்க்கின்றன. என்னைக் காணாத, என் ஊர்ப் பெயரை உச்சரிக்கத் தெரியாத யாரோ ஏதோ ஓர் ஊரில் இப்படி ஒரு பேணியில் காசு போட்டிருப்பார். அவருக்கு அன்றைக்கு நான் வெளிநாட்டுப் பிள்ளை. இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். 1988இல் 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 350,000 பேரை முடக்கிய நோய், இன்று இயற்கைக் கிருமியாக நிலைகொண்டிருப்பது அந்த இரண்டு நாடுகளில்தான். கடைசி இரண்டில் கையை விட்டால் அது திரும்பி வரும், எங்கள் பிள்ளைகளிடமும் வரும். சப்பாத்துக்கு இன்னும் பத்து நாள் பொறுக்கிறோம், அந்தப் பாதியை நிறுத்தாதீர்கள் என்றேன்.

அந்த இளைஞர் மறுப்பேதும் சொல்லவில்லை. பேணி திரும்பி வந்தபோது இரண்டாம் தடவையும் போட்டார்.

சப்பாத்துகளுக்கு வருகிறேன். போன வருடம் வேறொரு கொடையாளர் எங்கள் பிள்ளைகளுக்குச் சப்பாத்துத் தந்தார். எல்லாம் ஒரே அளவு. மூன்று மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி, பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அரைவாசிப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. படத்தில் எல்லோரும் சிரித்தபடிதான் இருக்கிறார்கள், ஏனென்றால் சிரிக்கச் சொன்னார்கள். அப்படிக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

இவர்கள் முதலில் கேட்டது பிள்ளைகளின் கால் அளவை. ஒவ்வொருவரையும் கடதாசியில் நிறுத்திப் பென்சிலால் கோடு கீறி அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு நாள் குந்தியிருந்து 64 சோடிக் கால்களைக் கீறினேன். உள்ளங்காலில் பென்சில் பட்டதும் சின்னப் பிள்ளைகள் கூச்சத்தில் துள்ளினார்கள், கோடு கோணியது, மறுபடி கீறினேன். கூட்டம் முடிந்து களஞ்சிய அறையில் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு சோடிக்குள்ளும் அந்தந்தப் பிள்ளையின் கால் கடதாசி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இனி யாராவது உதவி செய்யக் கேட்டால் நான் காட்டப்போவது இதைத்தான்.

கொப்பிகளோடு சேர்த்துப் பதினொரு பெட்டிகள். மொழிபெயர்த்த ஐயா தன் வானில் வெள்ளவத்தைவரை கொண்டுவந்து இறக்கினார், எரிபொருட் காசுகூட வாங்கவில்லை. பஸ் நடத்துனரோ பெட்டிக்கு 500 கேட்டார், 5,500 ரூபாய். பாடசாலைப் பிள்ளைகளின் பொருள் என்று சொல்லியும் அசையவில்லை. அரை மணித்தியாலம் நின்று வாதாடிப் பெட்டிக்கு 300க்குக் கொண்டுவந்தேன். பெட்டிக்கூலிக்கு ஓர் எழுதிய விலையை நான் எங்கும் காணவில்லை. ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், பெட்டி உள்ளே போனபிறகு உங்கள் கை தாழ்ந்துவிடும். வைத்தியசாலைக்கு வாங்கிப்போன பழமும் பால்மாவும் உட்பட எல்லாம் போக மீதி 1,990 ரூபாயை இன்று காலை அதிபரிடம் ஒப்படைத்தேன்.

இரண்டாம் பாடவேளையில் பெட்டிகளைத் திறந்தோம். மேடை இல்லை, வகுப்பறையிலேயே பெயர் கூப்பிட்டுக் கொடுத்தோம். அறுபத்திரண்டு பேருக்குச் சரியாக இருந்தது. தரம் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்டது, கீறி அனுப்பிய பிறகு கால் வளர்ந்துவிட்டது. இருவரையும் மறுபடி கடதாசியில் நிறுத்திக் கீறி, தொலைபேசியில் படம் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் மாற்றுச் சோடிகளை அனுப்புகிறார்களாம். சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு நான் சந்தியில் நிற்க வேண்டும்.