மணிக்கும் மணிக்கும் நடுவே: சில நாட்குறிப்புகள்

ஜூன் 9, திங்கள்

நேற்றைய குத்துச்சண்டைப் போட்டியில் எங்கள் பயிற்சிக்கூடத்துப் பையன் இரண்டாம் சுற்று முடியும் தறுவாயில், பக்கவாட்டில் வளைந்து வருகிற ஒரு இடதுகைக் குத்தை, ஹூக்கை, வாங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தான். நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான் என்றாலும், மணி அடித்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது அவன் பார்வை என் முகத்தில் நிற்காமல் என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கார்னரில், அதாவது அவனுடைய மூலையில், பயிற்சியாளனாக நின்ற நான் அந்த ஒரு நிமிடத்தையும் பேசியே தீர்த்தேன். வலது கையைத் தூக்கு, வலப்பக்கம் நகராதே, ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக நீட்டும் குத்து) போடு, மூச்சை இழுத்து விடு என்று ஏழெட்டுக் கட்டளைகள். அவன் வாயிலிருந்து பல்காப்பை எடுக்கவேண்டும் என்பது நினைவுக்கு வந்தபோது உதவியாளர்களை ரிங்கைவிட்டு வெளியேறச் சொல்லும் 'செகண்ட்ஸ் அவுட்' என்ற குரல் கேட்டுவிட்டது. தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் தோற்றான். மருத்துவர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாதத்திற்குத் தலையில் அடிபடும் பயிற்சி எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பையன் என்மேல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

விழுந்து எழுந்து ஜெயித்தவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் காசியஸ் கிளே, அதாவது முகம்மது அலி ஆவதற்கு முந்தைய கிளே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிவிட்டுத் தொழில்முறைக்கு வந்த அந்த இளைஞர், வெற்றிகளை அடுக்கிக்கொண்டே போன முதல் சில ஆண்டுகளுக்குள் இருமுறை தரையில் விழுந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல்முறை 1962 பிப்ரவரி 10 அன்று, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில். எதிரி சன்னி பேங்க்ஸ். முதல் சுற்றிலேயே இடதுகை ஹூக் ஒன்று தாடையில் இறங்க, 20 வயது கிளே உட்கார்ந்துவிட்டார். உடனே எழுந்தார், நான்காம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தும்படி செய்தார். நான்காவதில் முடிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். அந்த பேங்க்ஸ் 1965-இல் பிலடெல்பியாவில் ஒரு சண்டையில் பட்ட அடியால் இறந்துபோனார். தரையில் விழுவதைப் பற்றி உற்சாகமாக எழுத உட்கார்ந்தவனுக்கு இந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஜூன் 12, வியாழன்

இரண்டாவது விழுகைதான் எனக்கு வேண்டியது. 1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்ளி மைதானம், ஹென்றி கூப்பர். இன்றிரவு அந்தச் சண்டையின் படச்சுருளில் முதல் மூன்று சுற்றுகளை மட்டும் பார்த்தேன்.

அட்டைக் கிரீடம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டுதான் கிளே ரிங்குக்கு வந்தார். ஐந்தாவது சுற்றில் முடிப்பேன் என்று ஐந்து விரலைக் காட்டியிருந்தார். கூப்பர் அப்போது பிரிட்டனின் சாம்பியன். சுவர்ப் பூச்சு வேலை செய்து பிழைத்தவர். கிளேயைவிட ஏறத்தாழ 20 பவுண்டு எடை குறைந்தவர். இயல்பில் இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்களைப் போலவே இடக்காலை முன்வைத்து நிற்பார். அதனால் அவருடைய வலுவான கை எதிரிக்கு அருகிலேயே காத்திருக்கும். மற்றவர்களுக்கு ஜாப் வருகிற தூரத்திலிருந்து இவருக்கு ஹூக் வரும். லண்டன்காரர்கள் அதைச் சுத்தியல் என்றே அழைத்தார்கள்.

கிளே அதை அறியாதவரல்ல. ஆனால் இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, குத்து வரும்போது தலையைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராகப் பின்னுக்குச் சாய்கிறார். எந்தக் கோச்சும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுகிற பிழை இது. ஜாபிலிருந்து அது தப்பவைக்கும்; வளைந்து வருகிற ஹூக்குக்கு முன்னால் அது தாடையைத் தட்டில் வைத்து நீட்டுவதற்குச் சமம். பேங்க்ஸ், கூப்பர், பின்னாளில் 1971-இல் பதினைந்தாம் சுற்றில் ஜோ ஃபிரேசியர், மூவருமே அவரை வீழ்த்தியது இடது ஹூக்கால்தான் என்பது தற்செயல் இல்லை.

மூன்றாம் சுற்றில் கூப்பரின் இடக்கண்ணைச் சுற்றி ரத்தம் நன்றாகவே தெரிகிறது. கிளே முடித்துவிடாமல் வேடிக்கை காட்டுகிறார். ஐந்து என்று சொல்லியாயிற்றே, அதுவரை ஆட்டத்தை இழுக்கவேண்டும். அவர் கார்னரில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டிக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

நான்காம் சுற்று. மணி அடிக்கச் சில வினாடிகளே இருக்கும்போது கிளே கயிற்றோரம் பின்வாங்குகிறார், கைகள் கீழே. கூப்பர் ஜாப் போடுவதுபோல் முன்னேறி வந்து முழு உடலையும் திருப்பி ஹூக்கை விடுகிறார். இந்த இடத்தை மெதுவாக ஓட்டி இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கிளே விழும்போது அவருடைய அக்குள் கயிற்றில் மாட்டிக்கொள்கிறது. கயிறு அவரைத் தாங்கி, பலகைமேல் விரித்த தரையில் உட்காரவைக்கிறது. அடி பட்டது தாடையில், ஆனால் பின்மண்டை பலகையில் மோதவில்லை. ரிங்கின் நடுவில் இதே குத்தை வாங்கியிருந்தால் இன்று நாம் பேசுகிற பேச்சே வேறாக இருந்திருக்கக்கூடும்.

எழுகிறார். மணி அடித்துவிடுகிறது. நடை நேராக இல்லை. கால்கள் வேறு யாருடையவோ என்பதுபோல் வருகிறார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அந்த இடைவேளையை மட்டும் பார்த்தேன்.

டண்டி ஓடிவந்து ஆளைப் பிடித்து ஸ்டூலில் அமர்த்துகிறார். கால்களைத் தட்டுகிறார், பேசுகிறார். கிளே ஏதோ தவறாகப் புரிந்துகொண்டு, சுற்று தொடங்கிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, எழுந்திருக்கப் பார்க்கிறார். அந்தக் கணத்தில்தான் டண்டிக்கு நிலைமை முழுதாக உறைத்திருக்கவேண்டும். பேச்சை விட்டுவிட்டு அம்மோனியா உப்பை மூக்கருகே கொண்டுபோகிறார். பிரிட்டிஷ் விதிப்படி அது கூடாது. நடுவர் கண்டிருந்தால் அங்கேயே சண்டை முடிந்திருக்கலாம்.

அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அப்படித் தள்ளாடிய ஒருவரை இன்று நான் அடுத்த சுற்றுக்கு அனுப்பினால் எனக்குக் கார்னரில் நிற்கும் தகுதியே கிடையாது. உப்பு மயக்கத்தைத் தெளியவைக்குமே தவிர மூளையில் பட்ட அடியை ஆற்றாது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன்: புரியாத ஆளிடம் பேசிப் பயனில்லை என்பதைக் கண்டுகொள்ள டண்டிக்குச் சில வினாடிகள் போதுமானதாக இருந்தது. எனக்கு முழு நிமிடமும் போதவில்லை.

ஜூன் 16, திங்கள்

கையுறை விவகாரம். கிளேயின் கையுறை ஒன்றில் தையல் விட்டிருந்தது. முன்பே கண்ணில் பட்ட அந்தக் கிழிசலைத் தான் விரலால் கொஞ்சம் பெரிதாக்கி நடுவரிடம் காட்டியதாக டண்டியே பிற்காலத்தில் கதை சொன்னார். மாற்றுக் கையுறை தேடிய நேரத்தில் கிளேக்கு மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ கூடுதலாகக் கிடைத்தது என்பது கூப்பரின் வாழ்நாள் மனக்குறை. 2011-இல் அவர் இறக்கும்வரை, அவரிடம் அதைக் கேட்காதவர்கள் குறைவு.

படச்சுருளைப் பார்த்தால் இடைவேளை 60 வினாடிக்குப் பதில் 66 வினாடி அளவுக்கே நீண்டிருக்கிறது. கையுறையும் மாற்றப்படவில்லை, ஐந்தாம் சுற்றிலும் அந்தக் கிழிசல் தெரிகிறது. கூப்பர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. எதிர் மூலையில் ஒரு கண்ணில் ரத்தம் வழிய, எதிரி நிலைகுலைந்து கிடக்கிறான் என்று தெரிந்துகொண்டு, எழுந்து நின்று காத்திருந்தவருக்கு ஆறு வினாடி எத்தனை நிமிடமாகத் தோன்றியிருக்கும் என்பதைக் கடிகாரத்திடம் கேட்கக் கூடாது.

கிளேயை மீட்டது அந்த ஆறு வினாடி என்றும் நான் நம்பவில்லை. 21 வயது, நல்ல கால்கள், தலை பலகையில் மோதாமல் காத்த ஒரு கயிறு, விதியை மீறிய ஓர் உப்புக் குப்பி: எனக்கு இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது. கிழிந்த கையுறை கேட்கச் சுவையான கதை, அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

இன்றோடு 62 ஆண்டு. காலையில் ஐந்தாம் சுற்றைப் பார்த்தேன். கூப்பர்தான் முதலில் பாய்கிறார். ஆனால் எதிரே வருபவர் நான்காம் சுற்றின் கோமாளி இல்லை. கிளே இப்போது ஒரு வினாடியும் வேடிக்கைக்குச் செலவிடாமல் முகத்தை நோக்கிச் சரமாரியாக அடிக்கிறார். வலதுகைக் குத்து ஒன்றில் கூப்பரின் கண்ணருகே தோல் பிளந்து, மார்புவரை ரத்தம் வழிகிறது. நடுவர் டாமி லிட்டில் நிறுத்தினார். சொன்னபடி ஐந்தாவது சுற்றுதான். கூப்பர் குத்தில் தோற்கவில்லை, புருவத்துத் தோலில் தோற்றார். 1966-இல் லண்டன் ஹைபரி மைதானத்தில் மறுபடி மோதியபோதும் அதே வெட்டுக் காயம்தான் அவரைக் கவிழ்த்தது. இந்த முதல் மோதலுக்கு எட்டு மாதம் கழித்து, 1964 பிப்ரவரியில் கிளே மயாமியில் சன்னி லிஸ்டனிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தபோது, லண்டனில் விழுந்ததை நினைவூட்டி அவரை மட்டம் தட்டியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

மாலையில் பையன் பயிற்சிக்கூடத்துக்கு வந்திருந்தான். அவன் குத்தக் கூடாது, ஆனால் உட்காரலாம் அல்லவா. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலை ரிங்குக்குள் தள்ளினேன். அவன் உட்கார்ந்ததும் பல்காப்பை எடுத்துக் கழுவினேன், ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்தேன், ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத் துப்பச் சொன்னேன். இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். புருவத்தில் வாசலின் தடவினேன். பல்காப்பைத் திரும்ப வைக்கும்போது கடிகாரத்தில் 43 வினாடி. ஆறு தடவை செய்தோம். கடைசித் தடவை அவனே ஸ்டூலை மடக்கிக் கயிற்றுக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டுக் கேட்டான்.

"மாஸ்டர், இன்னிக்கு ஒன்னுமே சொல்லலையே?"