பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவு: பதிவு முதல் கேள்வி நேரம் வரை

உலக அரசியல், பொதுக்கொள்கை பற்றிப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சொற்பொழிவுகளில் பல, மாணவர் அல்லாதவர்களுக்கும் இலவசம். லண்டன் பொருளாதாரப் பள்ளியும் சிங்கப்பூரின் லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளியும் இப்படி நடத்துகின்றன. லண்டனின் கிரெஷம் கல்லூரி 1597இல் தொடங்கியது. அங்கே மாணவர் சேர்க்கையும் இல்லை, பட்டமும் இல்லை, பொதுமக்களுக்கான சொற்பொழிவுதான் அதன் வேலை. இணையவழி ஒளிபரப்பு வந்தபின் ஊர்த் தூரமும் தடையில்லை. ஆனாலும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டவர்களில் பலர் பேச்சாளரின் முடிவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுந்துபோகிறார்கள்.

காரணம் இதுதான்: கொள்கைப் பேச்சில் மூன்று வகைக் கூற்றுகள் ஒரே குரலில் கலந்து வரும். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன செய்ய வேண்டும். முதலாவதைத் தரவை வைத்துச் சரிபார்க்கலாம். இரண்டாவது வாதத்துக்குரியது. மூன்றாவதில் பேச்சாளரின் விருப்பும் மதிப்பீடும் கட்டாயம் இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்பதற்கான நடைமுறையை, கேட்டும் ஏற்பாடு செய்தும் பழகிய அனுபவத்திலிருந்து எழுதுகிறோம்.

முதலில் நிகழ்ச்சியின் வகையைப் பாருங்கள். புதிதாகப் பதவியேற்ற பேராசிரியரின் தொடக்கவுரை என்றால், அது அவருடைய ஆய்வு வாழ்க்கையின் சுருக்கம். பெரும்பாலும் கேள்வி நேரம் இருக்காது. நூல் வெளியீட்டையொட்டிய பேச்சில் முன்னுரையும் முடிவுரையும் நன்றாக வரும்; தரவு எப்படித் திரட்டப்பட்டது என்ற பகுதி விடுபடும். நால்வர் பேசும் கலந்துரையாடலில் ஆளுக்கு 10 நிமிடம் என்று அறிவித்து 15 நிமிடம் பேசுவார்கள். இருபது நிமிடம் கேள்வி நேரத்திலிருந்து போய்விடும். அமைச்சர், தூதர் பேச்சு என்றால் எழுதிய உரை. முன்கூட்டியே தரப்படும் பிரதியில் ‘பேசியதுடன் ஒப்பிட்டுக்கொள்க’ என்ற குறிப்பு இருந்தால், பேசியதே செல்லும், தாளில் உள்ளது செல்லாது என்று பொருள். விடுபட்ட வரிகளைக் கவனித்தால் அதுவே ஒரு செய்தி. ஒருவர் 45 நிமிடம் பேசி, 40 நிமிடம் கேள்விக்கு விடும் அமைப்புதான் கேட்பவருக்கு மிகவும் பயன்படும். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அதையே எடுங்கள்.

பதிவு செய்வது எளிது. ஆனால் இலவச நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்பவர்களில் கணிசமானோர் வருவதில்லை என்பதால், இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் கொடுப்பது வழக்கம். டிக்கெட் கையில் இருந்தாலும் இடம் உறுதியில்லை. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். அதே காரணத்தால், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கும் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கிறது. அரசியல் தலைவர்கள் வரும் நாளில் புகைப்பட அடையாள அட்டையும் பைச் சோதனையும் உண்டு. பதிவில் தந்த பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

நேரத்தில் இரண்டு குழப்பங்கள் வரும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும். 18 மணி சி.டி. என்றால் 18.15. ‘எஸ்.டி.’ என்றால் மிகச் சரியாக 18.00. இன்னொன்று கோடைகால நேர மாற்றம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துகிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரம்தான் வித்தியாசம். கடிகாரத்தைப் பழையபடி பின்னால் நகர்த்தும்போது, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரையும் இதே நிலை. மனக்கணக்குப் போடாமல் அழைப்பில் உள்ள நேரத்தை நாட்காட்டிச் செயலியில் அந்த ஊர் நேரமாகவே பதிவது பாதுகாப்பு.

தயாரிப்புக்கு இரண்டு மணி நேரம் போதும். அதை எங்கே செலவிடுகிறோம் என்பதுதான் முக்கியம். பேச்சாளரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பதைவிட, பேச்சு எந்த எண்ணைச் சுற்றி வரப்போகிறதோ அதன் வரையறையைப் படியுங்கள். உலக வறுமையை எடுத்துக்கொள்வோம். உலக வங்கியின் வறுமைக் கோடு 2017 விலையில் நாளுக்கு 2.15 டாலராக இருந்தது; 2025 ஜூனில் 2021 விலையில் 3.00 டாலராக மாறியது. இந்த மாற்றத்தால், கடந்துபோன ஒரே ஆண்டைப் பற்றிய கணக்கிலேயே ஏழைகளின் எண்ணிக்கை 10 கோடிக்கும் மேல் கூடியது. பழைய கோட்டின்படி எடுத்த எண்ணையும் புதிய கோட்டின்படி எடுத்த எண்ணையும் ஒரே ஸ்லைடில் அடுத்தடுத்து வைத்தால் வறுமை பெருகிவிட்டதாகத் தோன்றும். பேச்சாளர் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் தயாரித்த ஸ்லைடுகளைச் சேர்த்திருந்தாலே போதும்.

பொருளாதார அளவும் அப்படித்தான். சந்தை மாற்று விகிதத்தில் அமெரிக்கா முதலிடம். நாட்டுக்கு நாடு உள்ள விலை வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிடும் வாங்கும் திறன் சமநிலையில் சீனா முதலிடம். கரிம உமிழ்வில் ஆண்டு மொத்தத்தைச் சொன்னால் சீனா முன்னே வரும். இதுவரை சேர்ந்த மொத்தத்தைச் சொன்னால் அமெரிக்கா முன்னே வரும். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தாலும் அமெரிக்கா சீனாவைவிட மேலே. மூன்றும் உண்மை. எதை எடுத்தார் என்பதிலிருந்தே ‘யார் செலவை ஏற்க வேண்டும்’ என்ற பரிந்துரை பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் பேச்சில் முதல் பெரிய எண் வந்தவுடன் அதன் அலகை எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வருவது பெரும்பாலும் அதிலிருந்து கிளைக்கும்.

குறிப்பெடுக்கத் தாளை மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: நிலவரம், காரணம், பரிந்துரை. இடது ஓரத்தில் நேரம். பதிவு வெளிவந்தபின் தேட அது உதவும். முடிவில் தாளைப் பார்த்தால் பேச்சின் பலவீனம் கண்ணில் படும். முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் நிரம்பி நடுப்பத்தி காலியாக இருந்தால், பிரச்சினையிலிருந்து தீர்வுக்கு நேராகத் தாவியிருக்கிறார். அந்தக் காலியிடத்தில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது.

எதை வெளியே சொல்லலாம் என்பதையும் தொடக்கத்திலேயே கவனியுங்கள். பொதுச் சொற்பொழிவில் சொன்னதைப் பெரும்பாலும் பேச்சாளர் பெயருடனேயே வெளியிடலாம். சிறிய கருத்தரங்கில், லண்டனின் சர்வதேச விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸின் பெயரால் வழங்கும் ‘சாத்தம் ஹவுஸ் விதி’ பொருந்தும் என்று அறிவிக்கலாம். 1927இல் உருவாகி 1992லும் 2002லும் திருத்தப்பட்ட இந்த விதிப்படி, கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும், வேறு யார் யார் வந்திருந்தார்கள் என்பதையும் வெளியிடக் கூடாது. எதையுமே வெளியே சொல்லக் கூடாது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

இனி கேள்வி நேரம். இதற்காகத்தான் நேரில் போகிறோம் என்றே சொல்வோம். முதல் சுற்றிலேயே கை தூக்குங்கள். கடைசிச் சுற்றில் நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வியை எழுதி வைத்து, முப்பது விநாடிக்குள் வாசித்து முடியுமா என்று பாருங்கள். பெயரையும் தொழிலையும் ஒரு வரியில் சொன்னால் போதும். பெரும் தொல்லை, மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கும் வழக்கம். பேச்சாளர் எளிதானதற்கு விரிவாகப் பதில் சொல்லி, கடினமானதை அதற்குள்ளேயே கரைத்துவிடலாம். இதற்கு ஒரே மருந்து, கரைக்க முடியாத கேள்வி: ஒரு குறிப்பிட்ட கூற்று, ஒரு குறிப்பிட்ட தடை, ஒரே ஒரு வினா.

ஓர் எடுத்துக்காட்டு. ஐ.நா. பாதுகாப்பு அவையைச் சீர்திருத்த வேண்டும் என்பது இத்தகைய மேடைகளில் அடிக்கடி வரும் பரிந்துரை. ‘சீர்திருத்தம் சாத்தியமா?’ என்று கேட்டால் ‘கடினம், ஆனால் அவசியம்’ என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘சாசனத்தின் 108ஆம் பிரிவுப்படி, திருத்தத்துக்குப் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், ஐந்து நிரந்தர உறுப்பினர்கள் உட்பட மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். 1963இல் நிறைவேறி 1965இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவையை 11 உறுப்பினரிலிருந்து 15ஆக உயர்த்தியது. அன்று ஐவரையும் இணங்க வைத்த சூழலில் எது இன்று இல்லை?’ இதற்கு அவர் காரணத்தைப் பேசியே ஆக வேண்டும், நடுப்பத்தி நிரம்பும்.

வேறு தலைப்புகளுக்கும் சில வினாக்கள் நன்றாக வேலை செய்யும். இதை நடைமுறைப்படுத்தப்போவது மத்திய அரசா, மாநிலமா, உள்ளாட்சியா? செலவை ஏற்பவரும் பலன் பெறுபவரும் ஒருவரா? இதே கொள்கை தோற்ற இடம் எது? எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? கடைசி வினாவைப் பணிவாகக் கேட்க வேண்டும். தொனி சற்றுத் தவறினாலும் குற்றச்சாட்டாகிவிடும். கேள்வி என்ற பெயரில் உரையாற்றுவது மட்டும் வேண்டாம். அரங்கம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அடுத்தவருக்கான நேரமும் போகும்.

இணையவழி வெபினாரில் கேள்விப் பெட்டியைத் தொடக்கத்திலேயே பயன்படுத்துங்கள். பிறர் விருப்பக் குறியிட்டு மேலே ஏற்றும் வசதி இருந்தால், முதலில் வந்த கேள்விக்கே குறி சேர நேரம் கிடைக்கும். உரையாடல் பெட்டியில் போட்டது வாழ்த்துகளுக்கு நடுவே நெறியாளர் கண்ணில் படாமல் போகும்.

பேச்சு முடிந்த பின் பதிவும் பாட்காஸ்டும் வரும். சில நேரம் கேள்விப் பகுதியை வெட்டிவிடுவார்கள், ஆகவே பதிலை அன்றே எழுதி வையுங்கள். மேற்கோள் காட்டுவதானால் பேசியதா, அச்சில் வந்ததா என்று குறிப்பிடுங்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919 ஜனவரியில் மியூனிக் மாணவர்களிடம் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றிப் பேசியது, அதே ஆண்டில் விரிவாக்கப்பட்டே அச்சில் வந்தது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், அவர் அரங்கில் சொல்லாததைச் சொன்னதாக எழுத நேரிடும்.

‘ஓர் ஆய்வின்படி’ என்று வந்த இடங்களில் மூலக்கட்டுரையைத் தேடுங்கள். வரைவு நிலையில் இருந்த கண்டுபிடிப்பு, இதழில் வெளியாகும்போது அளவில் சுருங்கியிருப்பதுண்டு. கிடைக்காவிட்டால் பேச்சாளருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். ஒரு வாரத்துக்குள், ஐந்து வரிக்குள்: எந்த நாள், எந்தச் சொற்பொழிவு, எத்தனையாவது நிமிடத்தில் வந்த எந்த எண், அதன் மூலம் என்ன. பாராட்டுக் கடிதத்தைவிட இத்தகைய கடிதத்துக்கே பதில் விரைவாக வருகிறது.