‘துப்புங்கள்’ என்று சொல்லாதீர்கள்

செவிலியர் பணிக்கு வந்த முதல் ஆண்டில், இரண்டு வாரங்களுக்கும் மேலாக இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சளி டப்பாவைக் கொடுத்து, “ஐயா, இதில் துப்பிக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அவர் சொன்னபடியே துப்பினார். நுரை மிதந்த, தண்ணீர் போன்ற எச்சிலை உற்றுப் பார்க்காமலே ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மாதிரி பரிசோதனைக்குத் தகுதியற்றது என்ற குறிப்போடு படிவம் மறுநாள் திரும்பி வந்தது. அவருக்குக் காசநோய் என்று உறுதியாக மேலும் மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களும் அவர் மற்ற நோயாளிகளுக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

பிழை அவருடையதில்லை, நான் பயன்படுத்திய சொல்லில் இருந்தது. துப்பச் சொன்னால் எச்சில்தான் வரும். “சளி கொடுங்கள்” என்றாலும் போதாது, ஏனெனில் நம் பேச்சில் மூக்கில் ஒழுகுவதும் சளி, தொண்டையில் கட்டுவதும் சளி, தடுமன் பிடித்தாலும் சளிதான். அதனால் பலர் மூக்கை உறிஞ்சித் தொண்டைக்கு இறக்கி, அதைக் காறிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் நான் “நெஞ்சுச்சளி வேண்டும், அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும்” என்று சொல்லி, என் மார்பில் கைவைத்துக் காட்டுகிறேன்.

எச்சில் ஏன் பயன்படாது என்பதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் விளங்கும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, வரும் சளியைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது, ஒரு பார்வைப் பரப்பில் வாயின் உட்தோல் செல்கள் 10-க்கும் குறைவாகவும், வெள்ளணுக்கள் 25-க்கும் அதிகமாகவும் இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்த நல்ல மாதிரி என்று கொள்வது பரவலான வழக்கம். காசநோய்க் கிருமியைச் சாயமேற்றிக் கண்ணால் காண ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். எச்சில் கலந்து நீர்த்துப்போன மாதிரியில் அவை தப்பிவிட்டால், நோயுள்ளவர் நோயில்லை என்ற முடிவோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே மாதிரி எடுப்பதற்கான வேலை முந்தின இரவே தொடங்குகிறது. இரவு முழுவதும் தேங்கிய சளி விடியற்காலையில்தான் கெட்டியாக வரும் என்பதால், எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும் என்று இரவிலேயே சொல்லிவைக்கிறேன். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கிருமிநாசினி கலந்த வாய் கழுவும் திரவம் கூடாது, அது நாம் தேடும் கிருமியையே கொன்றுவிடலாம். கல்ச்சர் கேட்டிருந்தால், நோயாளியின் நிலை அனுமதிக்கும்வரை, முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும்.

பிறகு மூச்சு. என் அனுபவத்தில் நல்ல மாதிரியைத் தீர்மானிப்பது இதுதான். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு கையை வயிற்றில் வைக்கச் சொல்கிறேன். மூக்கு வழியாக மெதுவாக இழுக்கும் காற்றில் அந்தக் கை முன்னால் எழ வேண்டும். தோள் மட்டும் தூக்கினால் காற்று அடிவரை இறங்கவில்லை என்று பொருள். இழுத்த மூச்சை இரண்டு மூன்று விநாடி அடக்கிவைத்தால், அடைத்துக்கொண்டிருக்கும் சளிக்குப் பின்னாலும் காற்று போய்ச் சேர்ந்து, அதை வெளியே தள்ள வழி கிடைக்கும். இப்படி மூன்று முறை செய்தபின், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்முன் அதன்மேல் ஆவி படிய ‘ஹா’ என்று ஊதுவோமே, அதுபோல வாயைத் திறந்து வேகமாக ஊத வேண்டும். நெஞ்சுக்குள் கரகரப்பு மேலேறி வருவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். அந்த நேரத்தில் ஓர் ஆழ்ந்த இருமல் போதும். 3 முதல் 5 மில்லிலிட்டர், மஞ்சளாகவோ பச்சையாகவோ இழுபட்டு வந்து விழும். தலைசுற்றினால் உடனே நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும்.

காசநோய்ச் சந்தேகம் இருந்தால் இவற்றையெல்லாம் வார்டுக்குள் செய்யவே கூடாது. திறந்த வெளியில், மற்றவர்கள் இல்லாத இடத்தில், என்95 முகக்கவசம் அணிந்து, நோயாளியின் நேர் எதிரே நிற்காமல் கற்றுக்கொடுத்துவிட்டு, இருமும்போது விலகி நிற்க வேண்டும். பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடலில் எழுதுங்கள், மூடிகள் மாறிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வது நல்லது.

மூக்கு வழி ஸ்வாப், அதாவது பஞ்சு முனைக் குச்சியை மூக்குக்குள் விட்டு மாதிரி எடுப்பதைப் பற்றியும் ஒன்று மட்டும் சொல்கிறேன். குச்சியை மேல்நோக்கி நெற்றிப் பக்கம் தள்ளுவதால்தான் வலியும் இரத்தக் கசிவும் பெரும்பாலும் நேர்கின்றன. மூக்கின் தளம் காதை நோக்கிக் கிடைமட்டமாகப் போகிறது. குச்சியும் அந்த வழியே போனால் தடையின்றி மூக்கின் பின்புறத்தை எட்டிவிடும்.

சளி எடுக்க நான் சொல்லிக்கொடுக்கும் இதே மூச்சு, வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் வேண்டியது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, அங்கே சளி தேங்குகிறது. மூச்சுப் பயிற்சிக்கான, பந்துகள் உள்ள ஸ்பைரோமீட்டர் கருவியைக் கொடுத்தால் பெரும்பாலோர் பலூனைப் போல ஊதுகிறார்கள். அதை உறிஞ்ச வேண்டும், பந்து மேலேறியபின் சில விநாடி நிறுத்த வேண்டும், விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை செய்ய வேண்டும்.

அண்மையில் அப்படி ஓர் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, சளி கல்ச்சர் கேட்டிருந்தார்கள். “இருமினா தையல் பிரிஞ்சிடும் சிஸ்டர்” என்று அழுதார். மடித்த தலையணையைத் தையலின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி தாங்கும்படி இருக்கும் என்று காட்டி, அன்று மாலை முழுவதும் சேர்ந்தே பழகினோம். மறுநாள் விடியற்காலையில் நான் டப்பாவோடு போனபோது, வாயைக் கொப்பளித்துவிட்டு, தலையணையை அணைத்தபடி, அவர் மூன்றாவது மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.