கொள்முதல் இரண்டு

"ஏ மருமவனே, போன வாரம் உள்ளி என்ன விலைக்கு எடுத்தோம்?" என்று மாமா கேட்கும்போது கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரி வரிசையில் நிற்கிறோம், நான் ஈமாக்ஸ் என்கிற எழுத்துத் திருத்தியைத் திறந்து, தலைப்பு தலைப்பாகக் கணக்கு எழுதி வைக்கும் ஆர்க் கோப்பில் 'கொள்முதல்' தலைப்பை விரித்தால் கடைசி பத்து நாள் கணக்கே இல்லை.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நின்றபடியே கன்ட்ரோல்-சி, சி தட்டி, ஆர்க் கேப்ச்சர் என்கிற குறிப்பெடுக்கும் வசதியில் காய், மூடை, விலை போட்டு மூடிவிடுவேன், வார்ப்புருவில் நான் சொல்லி வைத்த தலைப்புக்குக் கீழே அது தானே போய்ச் சேரும். எங்கே போயிருக்கும்? கோப்பின் அடியில் பார்த்தால் இன்னொரு 'கொள்முதல்', பத்து நாளும் அதற்குள். நான்தான் தூக்கத்தில் ஏதோ செய்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் வெட்டி மேலே ஒட்டிவிட்டுக் கீழே இருந்ததை அழித்தேன். மறுநாள் முதல் லோடு ஏற்றியதும் அது மறுபடி முளைத்துவிட்டது.

'கொல்லம் லோடு' தலைப்புக்கும் இதே கதி. 'டீசல்', 'வாடகை' இரண்டும் ஒழுங்காக இருந்தன. அப்போதுதான் பொறி தட்டியது: கெட்டுப்போன இரண்டிலும் முதல் எழுத்து 'கொ'.

கர்சரை அதன்மேல் வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடித்து எழுத்தின் உட்குறியீட்டைப் பார்த்தேன். வார்ப்புருவில் இருந்த 'கொ', ககரமும் ஒகரக் குறி ஒன்றும். கோப்பில் இருந்ததோ ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று துண்டு. பழைய எழுத்துருவில் தட்டிய கணக்கை யூனிகோடுக்கு மாற்றிக் கொண்டுவந்தபோது வந்த வினை அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஆர்க் கேப்ச்சர் தலைப்பை அப்படியே எழுத்தெழுத்தாகத் தேடும், கிடைக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை கேட்காமல் கோப்பின் கடைசியில் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். கேட்டுத் தொலைத்திருக்கலாம்! மலையாளத்திலும் ஒகரத்துக்கு இதே இரட்டைப் பிறவி உண்டு என்பதால் எல்லை தாண்டினாலும் தப்பிக்க முடியாது.

முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, பிரிந்த துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் கட்டளையை ஓட்டினேன், எல்லா 'கொ'வும் ஒரே வடிவத்துக்கு வந்தன. இரட்டைத் தலைப்புகளைச் சேர்த்தேன், அதற்கப்புறம் முளைக்கவில்லை.

கை வைத்ததுதான் வைத்தோம் என்று இன்னொரு தொல்லையையும் பார்த்தேன். ஒவ்வொரு மூடையும் அஜெண்டாவில், அதாவது நாள்வாரியாக வேலைகளைக் காட்டும் ஆர்க் பட்டியலில், வந்து நிற்கும், தக்காளி 12 மூடை ஏதோ நான் போயே ஆகவேண்டிய கல்யாணம் மாதிரி. வார்ப்புருவில் சதவீதக் குறிக்குப் பின்னால் பெரிய டி (T) போட்டிருந்தேன், அது கூர் அடைப்புக்குள் தேதி எழுதும், அஜெண்டா அதைப் பிடித்துக்கொள்ளும். பெரிய யூ ஆக்கினால் சதுர அடைப்பு, அஜெண்டா கண்டுகொள்ளாது. சரி, ஒரு எழுத்து விஷயம்.

பதிவுகளுக்கு நடுவே வெற்று வரி விட எம்ப்டி-லைன்ஸ் 1 சேர்த்திருக்கிறேன். விலையைத் தனியாகக் கேட்டு வாங்கும்படி ஒரு கேள்வியும் வைக்கவேண்டும், ஓணம் லோடு முடியட்டும்.