கன்னத்தைக் குத்திய கிளிப் கம்பி

பல்லுக்குக் கிளிப் போட்டவர்களிடம், கம்பியை இறுக்கிய பின் வரும் வலியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். குழைந்த ரசம் சாதமும் பாராசிட்டமாலும் போதும். (ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பல் நகர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் மருத்துவர்கள் பலர் அவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.) என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த வலியன்று, கடைவாய்ப் பல்லைத் தாண்டி நீண்டு, பேசும்போதும் மெல்லும்போதும் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்த கம்பி நுனிதான்.

பற்களுக்கிடையே உள்ள இடைவெளி குறையக் குறைய, மிஞ்சும் கம்பி பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு வரும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியபோது, "டைட் பண்ணா அப்படித்தான் சார் இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். குத்துவது வேறு, இறுக்கத்தின் வலி வேறு என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லாததால், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கிளிப் போடும் மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டுமே வருவார் என்றும், அவர் போட்ட கம்பியில் தாம் கைவைக்க முடியாது என்றும் கூறிய அங்கிருந்த பல் மருத்துவர், என் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். குத்தும் நுனியை மூடிவைக்க, கிளிப்புக்கான மெழுகில் ஒரு துண்டாவது கொடுத்திருக்கலாம்.

அந்த மெழுகுக்காக ஏறி இறங்கிய மருந்துக் கடைகளில் ஒன்றில் கிராம்புத் தைலத்தை நீட்டினார்கள். தயவுசெய்து அதைப் புண்ணில் தடவிவிடாதீர்கள். புண்ணை மேலும் பொசுக்கிவிடும். கடைசியில் பல் மருத்துவக் கல்லூரிக்கு அருகே, அத்துறைக்கான பொருட்கள் விற்கும் கடையில்தான் மெழுகு கிடைத்தது. கம்பி ஈரமாக இருந்தால் அது ஒட்டாது. பஞ்சால் நன்றாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு உருட்டி, நுனியை மூடும்படி அழுத்த வேண்டும். சாப்பிடும் முன் எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்த பின் புதிதாக ஒட்டலாம். வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொப்பளித்ததில் புண்ணின் எரிச்சல் தணிந்தது. இறுக்கத்தின் வலிக்குக் குளிர்ந்த நீரும் கைகொடுக்கும்: வாயின் சூட்டில் விறைக்கும் வகை நிக்கல்-டைட்டானியக் கம்பியாக இருந்தால், குளிர்ச்சியில் அது சற்று நெகிழ்ந்து, பல்லை இழுக்கும் விசை சிறிது நேரம் குறையும்.

உரிய மருத்துவர் வந்த நாளில், நுனியைக் கத்தரிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு முறை கம்பியை இறுக்கியதும், நாக்காலும் விரலாலும் இரு கடைவாய்களையும் தடவிப் பார்த்து, உறுத்தினால் அங்கேயே வெட்டச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுகிறேன். அண்மையில் கேட்காமலேயே ஒரு பெட்டி மெழுகும் கொடுத்தார்கள். அதற்கான தொகை பில்லில் தனியாகச் சேர்ந்திருந்தது.