25 ரூபாய் பாமாயில்

ஊட்டச்சத்து வேலைக்கு வருகிறவர்கள் யாரும் சுங்க வரி அட்டவணையைப் படிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து வருவதில்லை. என்னை அதில் கொண்டுபோய் விட்டது ரேஷன் பாமாயில்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் அங்கன்வாடிகளில் தாய்மார்களிடம் பேசுவது என் வேலையில் ஒரு பாதி. எண்ணெய் என்று வாயெடுத்தாலே கேட்டுவிடுவார்கள்: "ரேஷன்ல லிட்டர் 25 ரூபாய் மேடம். கடலை எண்ணெய் விலைய நீங்களே பாத்தீங்கல்ல?" பார்த்தேன்தான். பாமாயிலில், இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல், கடலை எண்ணெயில் ஏறக்குறைய அதில் பாதி. இதைப் படம் போட்டுக் காட்டலாம், விலையை என்ன செய்வது? 2007 முதல் தமிழ்நாட்டு அரசு மானியம் கொடுத்து விற்கும் எண்ணெய் அது. விலைவாசி ஏறும்போதெல்லாம் எத்தனையோ வீடுகளில் தாளிப்பு நடப்பது அதில்தான். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பாமாயில் இவ்வளவு மலிவாகக் கிடைக்க மானியம் ஒரு காரணம், அப்புறம் வர்த்தக ஒப்பந்தம். உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை இறக்குமதி வரி போடும் உரிமையை இந்தியா வைத்திருக்கிறது. சோயா எண்ணெய்க்கு 45தான். ஆனால் பாமாயில் அனுப்பும் இந்தோனேசியா, மலேசியா அடங்கிய ஆசியான் கூட்டமைப்போடு போட்டு, 2010இல் நடைமுறைக்கு வந்த சரக்கு ஒப்பந்தத்தில், கச்சா பாமாயில் வரியை 2019 முடிவுக்குள் 37.5 சதவீதமாக இறக்க ஒப்புக்கொண்டது. பழி முழுவதையும் ஒப்பந்தத்தின் தலையில் போட்டுவிடத் தோன்றும். முடியாது, ஏனென்றால் அந்த 37.5ஐக்கூட நாம் முழுசாகப் போடுவதில்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை வரி பூஜ்யத்திலிருந்து 20க்கு ஏறியது, எண்ணெய்வித்து விவசாயிகளுக்காக. 2025 மே மாதம் 10க்கு இறங்கியது, விலைவாசிக்காக. இரண்டு தடவையும் மாரடைப்பைப் பற்றிப் பேச அங்கே ஆள் இருந்த மாதிரித் தெரியவில்லை.

வேலையின் இன்னொரு பாதி கூட்டங்கள். உணவு பாக்கெட்டின் முகப்பில் அதன் சத்துத் தரத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு போடும் வரைவை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் வெளியிட்டபோது, கருத்து எழுத உட்கார்ந்தோம். மேஜையில் ஒரு சிப்ஸ் பாக்கெட். முன்பக்கம் முழுக்கத் தக்காளியும் கொத்தமல்லியும், உப்பின் அளவோ பின்பக்க மடிப்புக்குள் பொடி எழுத்தில். நட்சத்திரம் வேண்டாம், சிலி நாட்டைப் போல, உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை கேட்போம் என்றேன். மூத்தவர் ஒருவர், "அதெல்லாம் கேட்டா வர்த்தக அமைப்புல பிரச்சினை வரும்மா" என்றார். எந்த விதிப்படி, யார் கிளப்புவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. சமோவா 2007இல் வான்கோழி வால் இறக்குமதியைத் தடை செய்தது. கொழுப்பு மிகுந்த அந்த வால், அமெரிக்காவில் விலைபோகாமல் தீவுகளுக்கு வந்த சரக்கு. 2012இல் உலக வர்த்தக அமைப்பில் சேருவதற்காகத் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. தாய்லாந்து நொறுக்குத்தீனிக்கு சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறியீடு கொண்டுவரப் பார்த்தது, மற்ற நாடுகள் ஆட்சேபித்தபின் வேறு வடிவத்துக்கு மாறிக்கொண்டது. சிலிக்கும் ஆட்சேபணைகள் குவிந்தன. அது அசரவில்லை, 2016இல் எண்கோணம் அமலுக்கு வந்தது, வர்த்தக அமைப்பில் வழக்கு எதுவும் வரவில்லை. லேபிள் போன்ற விதிகளைப் பற்றிய வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்திலேயே மக்கள் உடல்நலம் நியாயமான நோக்கம் என்று இருக்கிறது. உள்நாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு என்று பாகுபாடு காட்டக் கூடாது, தேவைக்கு மேல் வர்த்தகத்தை முடக்கக் கூடாது, இவைதான் முக்கிய நிபந்தனைகள்.

அதனால் இப்போது எந்தப் பரிந்துரை எழுதினாலும் பின்னால் இரண்டு விளக்கம் சேர்க்கிறேன்: உள்நாட்டுக் கம்பெனிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இது ஒன்றுதானா, இதைவிட லேசான வழி ஏன் போதாது. "இது வக்கீல் வேலைம்மா" என்கிறார் மூத்தவர். ஆனால் வெட்டாமல் அனுப்புகிறார்.

பாமாயிலுக்கு இந்த வழி உதவாது. அங்கே குறுக்கே நிற்பது பட்ஜெட். ரேஷனில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைவிடவும் அதிகம், அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கடலை எண்ணெயை அதே 25 ரூபாய்க்குக் கொடுத்தால் மானியம் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறோம்.