முடிக்குப் போட்ட மாத்திரை தைராய்டில் வைத்த ஆப்பு

டைப் 2 சர்க்கரைக்கான புது மருந்து ஆய்வு ஒன்றில் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டேன். எடை, பிபி, இசிஜி எல்லாம் மளமளவென்று முடிந்தன. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் அவர்கள் கேட்ட வரம்புக்குள்தான். மாட்டிக்கொண்டது தைராய்டில்.

ராத்திரி முழுக்க வயிற்றைக் காயப்போட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்குப் போனால், கோஆர்டினேட்டர் ஒரு தாளை நீட்டி, "டிஎஸ்ஹெச் ரொம்பக் கம்மியா இருக்கு. உங்களைச் சேர்க்க முடியாது" என்றார். தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்தான் டிஎஸ்ஹெச். அது குறைந்தால் பெரும்பாலும் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது (ஹைப்பர்தைராய்டு) என்று அர்த்தம். எனக்கோ படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடையும் இறங்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாமே என்றேன். "லேப் ரிப்போர்ட் தப்பா வராதுங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவர் ஃபைலைப் பிரித்துவிட்டார்.

டாக்டரைப் பார்க்காமல் போவதில்லை என்று அடம்பிடித்தேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராமே போதுமாம்! படிவத்தில் சர்க்கரை, பிபி மருந்துகளைத்தான் கேட்டிருந்தார்கள். வைட்டமின் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பல லேப்களில் ஹார்மோனை அளக்கும் முறையிலேயே பயோட்டினுக்கு ஒரு வேலை இருக்கிறது. ரத்தத்திலும் அது ஏராளமாக இருந்தால் கணக்கு குழம்பிவிடும். டிஎஸ்ஹெச் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 கூடுதலாகவும் வரும். பார்த்தால் அசல் ஹைப்பர்தைராய்டு மாதிரியே இருக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்த விஷயம். இது தெரியாத ஒருவரிடம் மாட்டியிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து விழுங்கிக்கொண்டிருப்பேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்ஹெச் நார்மல். கோஆர்டினேட்டர் "ஓ" என்றார், அவ்வளவுதான்.

ஆய்வுக்குப் போகிறவர்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். பயோட்டின் என்றால் தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அளவு அதிகமென்றால் இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

அப்புறம், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அதன் பிரதி நமக்கும் வர வேண்டும். "அடுத்த தடவை தர்றோம்" என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். ஜெராக்ஸ் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.